எண் எழுதுபவர், எண் பார்ப்பவர்



வளரும் நாடுகளின் சுகாதாரத் துறைக்குத் தரவுப் பகுப்பாய்வுக் கருவிகளை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. இதைக் கேட்டதும் பலரும் எதிர்பார்ப்பது ஓர் அட்டவணை. இந்தப் பக்கம் மென்பொருள்களின் பெயர், அந்தப் பக்கம் விலை, நடுவில் சரிக்குறிகள். அதைப் போட்டுக் காட்டிவிட்டால் எனக்கும் வேலை சுலபம், உங்களுக்கும் காபி சீக்கிரம் வரும். ஆனால் அந்த அட்டவணை இரண்டே வருடத்தில் பழசாகிவிடும். தவிர, இந்தத் துறையில் படுத்துப்போன திட்டங்களைப் பார்த்தால், மென்பொருள் மட்டமாக இருந்ததால் படுத்தவை குறைவு. நல்ல மென்பொருளை வைத்துக்கொண்டே படுத்தவைதான் அதிகம்.

எந்தச் சுகாதாரத் தகவல் திட்டத்திலும் மூன்று பேர் இருக்கிறார்கள். கருவியை வாங்க முடிவு செய்பவர் தலைநகரில் இருக்கிறார். எண்ணைப் பார்த்து நடவடிக்கை எடுக்க வேண்டியவர் மாவட்டத்தில் இருக்கிறார். எண்ணை எழுதுபவர் ஏதோ ஒரு கிராமத் துணை சுகாதார நிலையத்தில், பக்கத்தில் அழும் குழந்தையோடும் தடுப்பூசிப் பெட்டியோடும் இருக்கிறார். வாங்கும் கூட்டத்தில் முதலாமவர் நிச்சயம் இருப்பார், இரண்டாமவர் சில வேளை இருப்பார், மூன்றாமவர் இருந்து நான் பார்த்ததில்லை. அந்த மூன்றாமவரின் மேசையிலிருந்துதான் கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே இன்று நான் சொல்ல வந்தது. தான் எழுதும் எண்ணால் அவருக்கு ஒரு பயனும் இல்லையென்றால் அவர் அதை எழுதித் தீர்த்துவிடுவார், அவ்வளவுதான். மேலே உட்கார்ந்திருப்பவர் அதைத்தான் வண்ண வண்ணமாகப் பார்த்துக்கொண்டிருப்பார்.

முதலில் கணினியே இல்லாத ஒரு கருவியைப் பார்ப்போம். 1950களின் பிற்பகுதியில் நைஜீரியாவின் இமெசி-இலே என்ற கிராமத்தில் டேவிட் மார்லி என்ற ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர் வேலை பார்த்தார். அவர் ஓர் அட்டையை உருவாக்கினார். கீழே மாதங்கள், பக்கவாட்டில் கிலோ, இரண்டு வளைகோடுகள், அவற்றுக்கு நடுவே ஒரு பாதை. மாதா மாதம் குழந்தையை எடை போட்டு ஒரு புள்ளி வைப்பார்கள். புள்ளிகளைச் சேர்த்தால் கோடு. கோடு ஏறினால் சரி, படுத்துவிட்டால் கவனிக்க வேண்டும், இறங்கினால் ஆபத்து. எழுத்துத் தெரியாத தாய்க்கும் இது புரியும். அட்டையை ஆஸ்பத்திரி அலமாரியில் பூட்டாமல் தாயின் கையிலேயே கொடுத்தார் மார்லி. அவர் செய்ததிலேயே பெரிய காரியம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இன்று காலவரிசை, போக்கு, முன்னெச்சரிக்கை, காட்சிப்படுத்தல் என்று தனித்தனியாக விலை பேசுகிறார்களே, அத்தனையும் அந்த அட்டையில் இருந்தது. மின்சாரம் வேண்டாம், சிக்னல் வேண்டாம்.

இந்த அட்டை தமிழ்நாட்டிலும் பெரிய வேலை செய்திருக்கிறது. 1980இல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டார்கள். எல்லாக் குழந்தைக்கும் சத்துணவு என்று வைக்கவில்லை. எடை ஏறாமல் நின்றுபோன குழந்தைக்கு மட்டும் 90 நாள் கூடுதல் உணவு, தேறிவிட்டால் நிறுத்தம். புள்ளி வைத்த பணியாளரே அந்தப் புள்ளியைப் பார்த்து முடிவெடுத்தார். மேலே அனுப்பி உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை. எண்ணும் முடிவும் ஒரே கையில் இருந்தன. இதே அட்டை வேறு பல இடங்களுக்கும் போனது. எடை போடுவது, புள்ளி வைப்பது, அட்டையைத் திருப்பிக் கொடுப்பது என்று அங்கெல்லாம் வெறும் சடங்காகிவிட்டது. கோடு இறங்கினால் என்ன செய்வது என்பதற்கு அங்கே பணமும் இல்லை, அதிகாரமும் இல்லை. அட்டை என்னவோ இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

இனி கணினிக்கு வருவோம். உலகின் ஏழை நாடுகளில் சுகாதாரப் புள்ளிவிவரம் என்றாலே இன்று முதலில் வரும் பெயர் டிஎச்ஐஎஸ்-2. மாவட்ட சுகாதாரத் தகவல் மென்பொருளின் இரண்டாம் பதிப்பு. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பல நாடுகளின் அரசுகள் ஏதோ ஒரு வடிவில் இதைப் பயன்படுத்துகின்றன. ஆஸ்லோ பல்கலைக்கழகம் இதைப் பராமரிக்கிறது, யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். இது பிறந்த கதையைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

நிறவெறி ஆட்சியின் முடிவில் தென்னாப்பிரிக்காவில் ஒரு சுகாதாரத் துறை இல்லை, 14 இருந்தன. நாடு முழுவதற்கும் ஒன்று, வெள்ளையர், கலப்பினத்தவர், இந்தியர் என்று இனத்துக்கு ஒன்றாக மூன்று, கறுப்பர்களை ஒதுக்கிவைத்த பத்துத் ‘தாயகங்களுக்கு’ப் பத்து. ஒவ்வொன்றுக்கும் தனிப் படிவம், தனிக் கணக்கு. 1994இல் மண்டேலா ஆட்சிக்கு வந்தபோது, ஒரு மாவட்டத்தில் எத்தனை குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள் என்று கேட்டால் கூட்டிச் சொல்ல வழியில்லை. அப்போது கேப்டவுனில் யோர்ன் பிரா, கால்லே ஹெட்பெர்க் என்ற ஆராய்ச்சியாளர்களும் உள்ளூர்ப் பொதுச் சுகாதாரக்காரர்களும் சேர்ந்து ஒரு வேலையைத் தொடங்கினார்கள். அவர்கள் முதலில் செய்தது மென்பொருள் எழுதுவதல்ல, படிவங்களை வெட்டுவது. செவிலியர்கள், மருத்துவர்கள், அதிகாரிகள் எல்லாரையும் உட்காரவைத்து, இந்த எண்ணை யார் பார்க்கிறீர்கள், பார்த்து என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார்கள். பதில் இல்லாத எண்களைத் தூக்கினார்கள். மிஞ்சியது ஒரு குறைந்தபட்சப் பட்டியல். அதன் பிறகுதான் மைக்ரோசாஃப்ட் ஆக்சஸில் ஒரு சிறு மென்பொருளும், அதிலிருந்து எக்செலுக்குப் போகும் சுழல் அட்டவணைகளும் வந்தன. அந்தக் காலத்துக்கே அது பெரிய தொழில்நுட்பம் இல்லை. அலுவலகத்தில் ஏற்கெனவே கிடந்த மென்பொருளில் செய்தார்கள், அவ்வளவுதான். சில ஆண்டுகளில் நாடு முழுதும் அதுவே ஆனது.

படிவத்தை வெட்டுவது எவ்வளவு கஷ்டம் என்பது அரசு அலுவலகத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். ஒரு கட்டத்தைச் சேர்க்க ஒரு சுற்றறிக்கை போதும், எடுக்க அமைச்சரவைத் தீர்மானமே வேண்டும்போல் இருக்கும். ஒவ்வொரு திட்ட அதிகாரியும் தன் கட்டத்தைத் தன் பிள்ளைபோல் காப்பாற்றுவார். கணினி வந்தபின் இது இன்னும் மோசம். தாளில் இடம் தீர்ந்துபோகும் என்ற பயமாவது முன்பு இருந்தது. திரையில் உருட்டிக்கொண்டே போகலாம்.

2000இல் அந்தக் குழு இந்தியாவுக்கு வந்து, நம் எல்லையை ஒட்டிய ஆந்திரத்தின் குப்பத்தில் சோதனை தொடங்கியது. ஆக்சஸை விட்டுவிட்டு, இணையத்தில் ஓடும்படி ஜாவாவில் திருப்பி எழுதிய இரண்டாம் பதிப்பு முதன்முதலில் களம் இறங்கியது 2006இல் கேரளத்தில். அங்கிருந்து சியரா லியோன், பிறகு கென்யா.

கென்யாவில் நடந்ததைக் கவனியுங்கள். ஒவ்வொரு மாவட்ட அலுவலகத்திலும் ஒரு கணினியில் மென்பொருளை நிறுவி, மாதக் கடைசியில் கோப்புகளைத் தலைநகருக்கு அனுப்புவது என்பதுதான் வழக்கமான ஏற்பாடு. இணையம் நம்பத்தகாத நாட்டுக்கு அதுவே புத்திசாலித்தனம் என்று எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் நூறு இடத்தில் நிறுவினால் நூறு இடத்தில் வைரஸ் வரும், நூறு பதிப்பு ஓடும், பழுது பார்க்க ஆள் வண்டி எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். கடலோர மாகாணத்தில் செல்பேசி மோடத்தைச் செருகிச் சோதித்துப் பார்த்தார்கள், நைரோபியின் சர்வரை எட்ட முடிந்தது. உடனே திட்டத்தை மாற்றி, நாடு முழுவதற்கும் ஒரே சர்வர் என்று வைத்தார்கள். 2011இல் தேசமெங்கும் அது ஓடத் தொடங்கியது. அமைச்சகக் கட்டடத்துச் சர்வர் அறையின் இணைப்பு காலை வாரியதால், நாட்டுக்கு வெளியே வாடகைச் சர்வர் பிடித்தார்கள். நோயாளிகளின் பெயர் இல்லாத தொகை எண்கள் என்பதால் அப்போது அது செல்லுபடியானது. எனக்கு இதில் பிடித்த விஷயம் வேறு. பதிவு செய்யும்போது சிக்னல் போனால், தட்டச்சு செய்தது பிரவுசரிலேயே தங்கி, சிக்னல் வந்ததும் ஏறிக்கொள்ளும்படி நிரலை மாற்றினார்கள். பாதிப் படிவம் அடித்த பிறகு திரை வெள்ளையாகிப் போகும் எரிச்சலை அனுபவித்த யாரோ ஒருவரின் குரல் ஆஸ்லோ வரை போய்ச் சேர்ந்திருக்கிறது. திரும்ப எழுத உரிமை இருந்த மென்பொருள் என்பதால் அது நடந்தது.

திறந்த மென்பொருள் இலவசம் என்று யாராவது சொன்னால் பாதியைத்தான் நம்புங்கள். உரிமக் கட்டணம் இல்லை, உண்மை. சர்வர் வாடகை உண்டு. ஆண்டுதோறும் புதுப் பதிப்பு வரும், அதற்கு மாற ஆள் வேண்டும். பயிற்சி கொடுத்த பையன் ஒன்றரை வருடத்தில் தனியார் கம்பெனிக்குப் போவான், மறுபடி பயிற்சி கொடுக்க வேண்டும். இதைச் சமாளிக்க இலங்கை ஒரு நல்ல வழி கண்டது. கொழும்பில் உள்ள பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தில் மருத்துவர்களுக்கே உயிர்மருத்துவத் தகவலியலில் முதுநிலைப் படிப்பைத் தொடங்கினார்கள். மருத்துவமும் தெரிந்த, தரவுத்தளமும் தெரிந்த அரசு ஊழியர்கள் ஒரு கூட்டமாகவே உருவானார்கள். ஒப்பந்த ஊழியர்கள் இல்லை, அமைச்சகத்து ஆட்கள்.

பலன் 2020 ஜனவரியில் தெரிந்தது. கொரோனா சீனாவில் பரவுகிறது என்று கேள்விப்பட்டதுமே, விமான நிலையத்தில் இறங்கும் பயணிகளைப் பதிந்து தொடர்ந்து கண்காணிக்கும் பகுதியை டிஎச்ஐஎஸ்-2இல் சில நாட்களில் கட்டிவிட்டார்கள். அந்த மாதம் 27ஆம் தேதிதான் இலங்கையின் முதல் நோயாளி உறுதியானார். டெண்டர் விடவில்லை, ஆலோசகரை வரவழைக்கவில்லை. அவர்கள் செய்ததை மற்ற நாடுகள் எடுத்துக்கொண்டன. கடைசியில், இந்த மென்பொருளுக்குப் பணம் கொடுத்து வளர்த்த நார்வேயின் நகராட்சிகளே தங்கள் ஊர்த் தொற்றாளர்களோடு பழகியவர்களைக் கண்டறிய அதை வாங்கிப் பயன்படுத்தின. கொடுத்த நாடு வாங்கிய கதை அரிது, அதனால் சொன்னேன்.

இவ்வளவு புகழ்ந்ததால் நான் ஒரு மென்பொருளுக்கு விளம்பரம் செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அதற்குள்ளும் கண்ணி உண்டு. ஒரே ஓர் உதாரணம். மலேரியாச் சாவு என்று ஒரு கட்டம். அந்த மாதம் யாரும் சாகவில்லை, செவிலியர் பூஜ்யம் போடுகிறார். அந்தக் கட்டத்தை வடிவமைத்தவர் ‘பூஜ்யத்தையும் சேமி’ என்ற அமைப்பைத் தேர்ந்திருக்காவிட்டால், மென்பொருள் அந்தப் பூஜ்யத்தைச் சேமிக்காது. இடத்தை மிச்சப்படுத்தத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள், அதில் நியாயமும் உண்டு. ஆனால் மேலே இருந்து பார்ப்பவருக்குச் சாவே இல்லாத நிலையமும் அறிக்கையே அனுப்பாத நிலையமும் ஒன்றுபோலத் தெரியும். சிரத்தையாகப் பூஜ்யம் போட்டவருக்கு ‘ஏன் அனுப்பவில்லை’ என்று மெமோ வரும். அடுத்த மாதத்திலிருந்து அவருடைய சிரத்தை எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதைவிடப் பெரிய தொல்லை விகிதத்தின் கீழ்ப்பாதியில் இருக்கிறது. தடுப்பூசி 108 விழுக்காடு, பிரசவப் பதிவு 115 விழுக்காடு என்று வரும் அறிக்கைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நூறு குழந்தைக்கு நூற்றெட்டுப் பேருக்கு ஊசி போட்ட ஊர்! மேலே இருப்பது போட்ட ஊசிகளின் எண்ணிக்கை, அது ஓரளவு சரி. கீழே இருப்பது அந்த வட்டாரத்தில் இருக்க வேண்டிய குழந்தைகளின் எண்ணிக்கை. அது எங்கிருந்து வருகிறது? மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து. இந்தியாவில் கடைசியாக எடுத்தது 2011இல். 2021இல் வந்திருக்க வேண்டியது தள்ளிப் போய், 2027 என்று அறிவித்திருக்கிறார்கள். இடையில் திருப்பூருக்கும் ஒசூருக்கும் போய்ச் சேர்ந்தவர்கள், ஊரைக் காலி செய்தவர்கள் எல்லாரும் அந்தப் பழைய எண்ணில் அப்படியே இருக்கிறார்கள். வருடத்துக்கு இத்தனை விழுக்காடு என்று ஒட்டுப்போட்டு நீட்டுகிறோம். கணக்கெடுப்புத் தள்ளிப்போன எல்லா நாட்டிலும் இதே கதை.

நம் ஊரில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தலைப்பிரசவம் தாய்வீட்டில். திருமணமாகிப் போன ஊரில் பெண் கர்ப்பத்தைப் பதிகிறாள், ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு வருகிறாள், பிள்ளை அங்கே பிறக்கிறது. புகுந்த ஊரின் செவிலியர் கணக்கில் ஒரு கர்ப்பிணி காணாமல் போகிறாள். பிறந்த ஊரின் செவிலியர் கணக்கில் கர்ப்பமே இல்லாமல் ஒரு பிரசவம் முளைக்கிறது. பல ஆண்டுகளாக இதற்காக இரண்டு செவிலியர்களும் மாதாந்திரக் கூட்டத்தில் திட்டு வாங்கியிருக்கிறார்கள். இதை எந்தப் பகுப்பாய்வுக் கருவியும் தீர்க்காது. பெண்ணோடு கூடவே பயணம் செய்யும் ஓர் எண்தான் தீர்க்கும். தமிழ்நாட்டின் கர்ப்பப் பதிவுத் தளமான பிக்மியில் கர்ப்பிணிக்குக் கிடைக்கும் 12 இலக்க எண் அந்த வேலையைச் செய்கிறது. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும், பிறகு குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண்ணைக் கேட்பதால், குடும்பமே அதைப் பத்திரமாக வைத்திருக்கிறது. சான்றிதழை இப்படிப் பிணையாகப் பிடிப்பது சரியா என்று விவாதிக்கலாம். எண் இல்லாமல் போகும் புலம்பெயர்ந்த தொழிலாளியின் மனைவிக்கு அது சுமைதான். ஆனால் வளைகாப்பைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாத எந்தத் தகவல் திட்டமும் இந்த மாநிலத்தில் தேறாது.

இந்த இடத்தில் எக்செலைப் பற்றி இரண்டு வார்த்தை. நிபுணர்கள் அதை இளக்காரமாகப் பேசுவார்கள். எனக்கு அந்த இளக்காரம் இல்லை. ஏழை நாடுகளின் பொதுச் சுகாதாரத்தில் நிறைய வேலை எக்செலில்தான் ஓடுகிறது, ஏனென்றால் மாவட்ட அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரிந்தது அது ஒன்றுதான். ஆனால் அதன் எல்லை தெரிந்திருக்க வேண்டும். 2020 செப்டம்பர் கடைசியில் இங்கிலாந்தில் கொரோனா முடிவுகளைப் பழைய வகை எக்செல் கோப்புகளில் ஏற்றினார்கள். அந்த வகைக் கோப்பு 65,536 வரிசைக்கு மேல் தாங்காது. மிஞ்சிய வரிசைகள் சத்தமில்லாமல் உதிர்ந்தன. ஒரு வாரத்தில் 15,841 நோயாளிகள் கணக்கிலேயே வரவில்லை, அவர்களோடு பழகியவர்களைத் தேடுவதும் தாமதமானது. இது ஏழை நாடு இல்லை என்பதை ஞாபகம் வையுங்கள். ஏழை நாட்டுக்கு மட்டும்தான் கருவி இடறும் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

மற்ற கருவிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கொள்ளைநோய் விசாரணைக்கு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1985 முதல் இலவசமாகத் தந்த எபி இன்ஃபோ நெடுங்காலம் உழைத்தது. வீடு வீடாகக் கணக்கெடுக்க ஓ.டி.கே., கோபோ இரண்டும் போதும், சிக்னல் இல்லாத மலைக் கிராமத்திலும் பதியலாம். நோயாளிகளின் தனித்தனிப் பதிவுக்கு ஓப்பன் எம்ஆர்எஸ் உண்டு. கென்யாவின் எல்டொரெட்டில் எச்ஐவி சிகிச்சைக்கு இருந்த தேவையிலிருந்து 2004இல் வளர்ந்தது. அதன்மேல் கட்டிய பாம்னி, சத்தீஸ்கரின் கனியாரியில் ஜன் ஸ்வஸ்த்ய சஹயோக் மருத்துவமனையில் உருப்பெற்றது. ஆழமான பகுப்பாய்வுக்கு ‘ஆர்’ மொழி. கட்டணம் இல்லை, ஆனால் கற்றுக்கொள்ளப் பொறுமை வேண்டும். மாவட்டத்துக்கு ஒருவருக்கு அது தெரிந்தால் போதும், எல்லாரும் கற்க வேண்டும் என்று சுற்றறிக்கை விடாதீர்கள். பவர் பிஐ, டேப்லோ போன்றவை அழகானவை. ஒரு பயனருக்கு மாதம் இத்தனை டாலர் என்று கேட்பார்கள். ரூபாய் சரியும்போது அந்தச் செலவு தானாக ஏறும். கொடையாளர் பணம் தீர்ந்த மறுமாதம் என்ன ஆகும் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கொடையாளர் என்றதும் உகாண்டா நினைவுக்கு வருகிறது. ஒவ்வொரு வெளிநாட்டு அமைப்பும் ஒரு செல்பேசிச் செயலியோடு வந்து இறங்கி, ஆளுக்கொரு மாவட்டத்தில் சோதனை செய்துகொண்டிருந்தது. ஒன்றோடு ஒன்று பேசாது, எதுவும் தேசிய அளவுக்கு வளராது. 2012 ஜனவரியில் அந்நாட்டுச் சுகாதார அமைச்சகம் போதும் நிறுத்துங்கள் என்று எல்லா மின்-சுகாதாரச் சோதனைத் திட்டங்களுக்கும் தடை போட்டது. அமைச்சகத்தின் அனுமதி வாங்கிய பிறகுதான் தொடரலாம். ஓர் ஏழை நாட்டு அரசு இலவசமாக வந்ததை வேண்டாமென்று சொன்னது, அதற்குத் துணிச்சல் வேண்டும்.

மலாவியில் நடந்தது வேறு மாதிரி. லிலாங்வேயில் ஜெரால்டு டக்ளஸ் என்ற பொறியாளர் தொடங்கிய பவோபாப் குழு, கணினியே தொட்டிராத செவிலியர்களுக்கு எச்ஐவி நோயாளிப் பதிவை எப்படிக் கொண்டுசேர்ப்பது என்று யோசித்தது. அமெரிக்காவில் வீட்டுச் சமையலறையில் வைத்து இணையம் பார்க்க என்று விற்கப்பட்டு, சந்தையில் தோற்றுப்போன ஒரு மலிவுச் சாதனத்தை வாங்கினார்கள். அதில் தொடுதிரையைப் பொருத்தினார்கள். குறைந்த மின்சாரத்தில் ஓடும் என்பதால் பாட்டரியில் இணைத்தார்கள், கரண்ட் போனாலும் வேலை நிற்காது. திரையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு கேள்வி, பெரிய பொத்தான்கள். செவிலியர் நோயாளி எதிரிலேயே தட்டிவிடுவார். ‘அடுத்து வர வேண்டிய நாள், கொடுக்க வேண்டிய மாத்திரை எண்ணிக்கை’ என்று கருவி அவருக்கே திருப்பிச் சொல்லும். பதிவேட்டில் எழுதிவைத்து, சாயங்காலம் உட்கார்ந்து கணினியில் ஏற்றும் இரட்டை வேலை இல்லை. காலாண்டு அறிக்கை தானாக வந்துவிடும். நம் நாட்டில் டேப்லெட் கொடுத்த பிறகும் பதிவேட்டையும் எழுது என்று சொல்கிறோம். இரண்டில் எது நம்பிக்கையானது என்று கேட்டால், செவிலியர் பதிவேட்டைத்தான் காட்டுவார்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றிச் சொல்லாமல் போனால் மாணவர்கள் விடமாட்டார்கள். சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவதைப் படம் பார்த்தே கண்டுபிடிக்கும் நிரலை கூகுள் ஆராய்ச்சியாளர்கள் 2016இல் வெளியிட்டார்கள். அதற்குப் பாடம் கற்பித்த படங்களில் மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவமனைகளின் படங்களும் உண்டு. ஆய்வில் அது கண் மருத்துவர்களுக்கு இணையாக இருந்தது. பிறகு தாய்லாந்தில் பதும் தானி, சியாங் மாய் மாகாணங்களின் 11 கிளினிக்குகளில் வைத்துப் பார்த்தார்கள். பெரும்பாலான இடங்களில் இருட்டறை இல்லை, வெளிச்சத்தில் எடுத்த படம் மங்கியது. ஐந்தில் ஒன்றுக்கு மேற்பட்ட படங்களைத் தரம் போதாது என்று நிரல் தள்ளிவிட்டது. தள்ளப்பட்ட படத்துக்கு உரியவர், கண்ணில் குறை தெரியாவிட்டாலும், இன்னொரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். படம் மேலேறும் வரை இணையம் படுத்திய பாட்டில் வரிசை நீண்டது. நிரல் கெட்டதல்ல. அரவிந்தில் படம் எடுக்கும் அறையும் தாய்லாந்துக் கிளினிக்கின் அறையும் ஒன்றல்ல. இதை மறைக்காமல் எழுதி வெளியிட்டதும் அதே நிறுவனத்து ஆராய்ச்சியாளர்கள்தான், அதற்கு அவர்களைப் பாராட்ட வேண்டும்.

இன்னொரு கண்ணி இதைவிட நுட்பமானது. அமெரிக்காவில் யாருக்குக் கூடுதல் கவனிப்பு வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் ஒரு நிரலை ஸியாத் ஓபர்மேயர் குழுவினர் ஆராய்ந்து 2019இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள். அந்த நிரல் நோயின் கடுமையைக் கணிக்கவில்லை, மருத்துவச் செலவைக் கணித்தது. அதிகம் செலவானவர் அதிகம் நோயாளி என்ற கணக்கு. கறுப்பினத்தவருக்கு அதே நோய்க்குச் செலவிடப்படுவது குறைவு, ஆகவே அவர்கள் ஆரோக்கியமாக இருப்பதாக நிரல் நினைத்துக்கொண்டது. கூடுதல் கவனிப்புக்குத் தேர்வானவர்களில் கறுப்பினத்தவர் 17.7 விழுக்காடு. பிழையை நீக்கினால் 46.5 ஆக வேண்டும். இந்த நிரலைக் காப்பீட்டுச் செலவுத் தரவோடு நம் நாட்டுக்கு வரவழைத்தால் என்ன ஆகும்? ஆஸ்பத்திரிக்கே போக வழியில்லாத பழங்குடிக் கிராமம்தான் மாநிலத்திலேயே ஆரோக்கியமான கிராமம் என்று வரைபடத்தில் பச்சை நிறத்தில் மின்னும்.

பெரிய நிரல்களுக்குப் போகும் முன் சின்னச் சோதனை ஒன்றைச் செய்து பாருங்கள் என்று மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஏதாவது ஒரு மாவட்டத்தின் ரத்த அழுத்தப் பதிவுகளை எடுத்து, எந்த எண் எத்தனை தடவை வந்திருக்கிறது என்று மட்டும் ஒரு படம் போடுங்கள். 120, 130, 140இல் கோபுரம்போல் எழும், நடுவே பள்ளம். மனித உடம்பு பத்துப் பத்தாக ஏறி இறங்காது, கடைசி இலக்கத்தைக் கை உருண்டையாக்கிவிடுகிறது. 140ஐ எல்லையாக வைத்து மாத்திரை கொடுக்கும் திட்டத்தில், 136 என்பது 140 ஆவது சின்ன விஷயமில்லை. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ போல வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அளக்கும் திட்டங்களுக்கு, அளவைத் தானே பதிந்துகொள்ளும் கருவி எந்த டேஷ்போர்டையும்விட அவசரம்.

தனிமனித ரகசியம் பற்றிச் சுருக்கமாக. எச்ஐவி, காசநோய், கருக்கலைப்பு பற்றிய எண்களைக் கிராம அளவில் வரைபடமாகப் போடும் கருவி எது வந்தாலும், ‘ஒருவர்’ என்று காட்டும் இடங்களை மறைக்க அதில் வழி உண்டா என்று பாருங்கள். ஊரில் ஒருவர் என்றால் யார் என்று ஊருக்கே தெரியும்.

கடைசியாக, வாங்கும் கூட்டம். செயல்விளக்கத்தன்று விற்பவர் கொண்டுவந்த லேப்டாப்பில், அவர் கொண்டுவந்த இணையத்தில் பார்க்காதீர்கள். மோடத்தைப் பிடுங்கிவிட்டுப் பதியச் சொல்லுங்கள். எல்லாத் தரவையும் இப்போதே சாதாரணக் கோப்பாக எடுத்துக் கொடுங்கள் என்று கேளுங்கள். நானறிந்த ஒரு திட்டத்தில் ஒப்பந்தம் முடிந்தபோது, அத்தனை ஆண்டுத் தரவையும் பி.டி.எஃப். பக்கங்களாக ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதைத் திரும்பத் தட்டச்சு செய்ய ஆள் தேடினோம். பிழையான பதிவைத் திருத்த யாருக்கு அதிகாரம் என்று கேளுங்கள். மாநிலத் தலைமையகத்துக்கு எழுத வேண்டும் என்றால் பிழை திருந்தாது.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு கிராமச் சுகாதாரச் செவிலியரை அழைத்து, அவருடைய போன மாதப் பதிவேட்டோடு உட்காரவையுங்கள். நாலு வரி பதியட்டும். பதிந்தபின், அடுத்த வாரம் யார் வீட்டுக்குப் போக வேண்டும் என்று அந்தத் திரை அவருக்குச் சொல்கிறதா என்று அவரே சொல்லட்டும். அவர் போடும் மதிப்பெண்ணுக்கு டெண்டரில் ஓர் எடை கொடுங்கள். அவருடைய பயணப்படியை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கணக்குப் பிரிவு கட்டாயம் கேட்கும். ‘கருவி கொள்முதல்’ என்றே எழுதச் சொல்லுங்கள்.